மூக்குக்கு உகந்த நீர்

மனித உடலில் இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்கும் உறுப்புகளைக் கூறுமாறு யாரையேனும் கேட்டால், இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். மூக்கைக் கூறுவோர் மிகச் சிலரே. மணத்தை அறியும் கருவி என்றும், முகத்துக்கு அழகு தரும் அங்கம் என்றும் அதனைக் கருதி நாம் அமைந்துவிடுகிறோம். சளி பிடித்து இரு துளைகளும் அடைத்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டபடி உறக்கமின்றிப் புரளும் இரவில்தான் அதன் அருமை நமக்குத் தெரிகிறது.

வளர்ந்த ஒருவர் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். தில்லியில் தை மாதத்துக் காலையில் அக்காற்று எலும்பைத் துளைக்கும் குளிராக இருக்கலாம். வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்றாக இருக்கலாம். எதுவாயினும், நுரையீரலை அடைவதற்குள் அது உடலின் வெப்பத்துக்கு அருகே கொண்டுவரப்பட்டு, ஈரமூட்டப்பட்டு, பெருந்தூசி நீக்கப்பட்டாக வேண்டும். இப்பணியின் பெரும்பகுதியை, சில அங்குல நீளமே உள்ள ஒரு வழியில், மூச்சை இழுக்கும் நேரத்துக்குள்ளாகவே மூக்கு முடித்துவிடுகிறது.

இத்தகைய மூக்கை உப்புநீரால் கழுவும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக யோகப் பயிற்சியாளரிடையே இருந்து வந்திருக்கிறது. இன்று உலகெங்கும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைக்கிறார்கள். மருந்துக் கடைகளில் அதற்கான புட்டிகளும் உப்புப் பொட்டலங்களும் விற்கப்படுகின்றன. இது எவ்வாறு பயன் தருகிறது, எந்த அளவுக்குப் பயன் தருகிறது, இதற்கு எத்தகைய நீரைக் கொள்ள வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். முதலிரண்டில் நாம் தவறினால் பயன் குறையும்; மூன்றாவதில் தவறினால், அரிதாகவேனும், உயிருக்கே இடையூறு நேரலாம். ஆகையால் மூன்றாவது வினாவுக்கே மிகுதியான இடம் தர விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். உடல்நலப் பிரசுரங்கள் உள்ளிட்ட அரசாங்க வெளியீடுகளை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன். மருத்துவர்கள் ஆராய்ந்து கூறியிருப்பதை எளிய தமிழில் எடுத்துரைப்பதே என் பணி.

முதலில் மூக்கின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். மூக்கின் உட்புறம் ஒரு நடுச்சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இச்சுவர் முழு நீளத்துக்கும் செல்வதில்லை. பின்புறம், தொண்டையின் மேற்பகுதியில், இரு வழிகளும் ஒன்றாகின்றன. ஒரு துளையில் ஊற்றிய நீர் மறு துளை வழியாக வெளிவருவதன் இரகசியம் இதுதான். மூக்கைச் சூழ்ந்துள்ள எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் இருக்கின்றன. நெற்றியில் ஓர் இணை. கன்னங்களில் ஓர் இணை. இரு கண்களுக்கும் இடையே சிறு சிறு அறைகளாக ஓர் இணை. இவற்றுக்கெல்லாம் பின்னால், தலையின் நடுவே, ஓர் இணை. இவற்றைத்தான் மருத்துவர்கள் 'சைனஸ்' என்று அழைக்கிறார்கள். பேச்சுவழக்கில் இன்று அது ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டது. "எனக்குச் சைனஸ் இருக்கிறது" என்று சொல்லாதவர் அரிது. உண்மையில் எல்லோருக்கும் அது உண்டு. அங்கே அழற்சி ஏற்படும்போதுதான் நோய்.

இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு மடிப்பு என்றும் வளைகுடா என்றும் பொருள். கணிதம் பயின்றோர் அறிந்த 'சைன்' என்பதும் இதே சொல்தான். வில்லின் நாணைக் குறித்த வடமொழிச் சொல் அரபு நாட்டுக்குச் சென்று, அங்கே மடிப்பைக் குறிக்கும் வேறொரு சொல்லாக வாசிக்கப்பட்டு, அந்தத் தவறான பொருளுடனேயே இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த அப்பிழையால் கணிதத்துக்கு யாதொரு கேடும் விளையவில்லை. உடல்நலக் குறிப்புகளில் ஒரு சொல் தெளிவின்றி அமைந்தால் அவ்வாறு தப்பிவிட முடியாது என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

வளைகுடா என்னும் உவமை இக்காற்றறைகளுக்கு மிகவும் பொருந்தும். ஒவ்வொன்றும் குறுகிய வாய் ஒன்றின் வழியாக மூக்கினுள் திறக்கிறது. மூக்கின் உட்சுவரும் இவ்வறைகளின் உட்சுவரும் மெல்லிய சளிப்படலத்தால் போர்த்தப்பட்டிருக்கின்றன. அப்படலத்தின் அடியில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சுமந்த சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் இச்சளியை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். சளி என்றதும் முகஞ்சுளிப்பது நம் இயல்பு. ஆயினும் அது நமக்குக் காவலாளி. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், சளி பிடித்த மூக்கிலிருந்து எடுத்த நீரை ஆராய்ந்தபோதுதான், சில கிருமிகளைக் கரைத்து அழிக்கும் 'லைசோசைம்' என்னும் பொருளைக் கண்டார். 1922-ஆம் ஆண்டு அதனை அவர் வெளியிட்டார்.

கன்னத்துக் காற்றறையின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. அதன் வாய் அடியில் அமையாமல், உட்சுவரின் மேற்பகுதியில் அமைந்திருக்கிறது. தொட்டியின் அடியில் வடிகுழாய் இருப்பதற்குப் பதிலாக விளிம்பருகே இருந்தால் எப்படியோ, அப்படி. ஆகவே அங்கே ஊறும் சளி தானாக வடிந்துவிடாது. நுண்மயிர்கள் அதனை மேல்நோக்கிச் சுமந்து சென்று வெளியேற்ற வேண்டும். சளிக் காய்ச்சலாலோ, தூசி, மகரந்தம் முதலியவற்றின் ஒவ்வாமையாலோ உட்சுவர் வீங்கினால் அக்குறுகிய வாய் அடைபடுகிறது, நுண்மயிர்களும் சோர்கின்றன. சளி உள்ளே தேங்கிக் கெட்டியாகிறது. கன்னத்தில் கனம், நெற்றியில் வலி, மணம் அறியாமை, பின்தொண்டையில் ஓயாத வடிதல் ஆகிய துன்பங்கள் தொடங்குகின்றன. இவை 12 வாரங்களும் அதற்கு மேலும் நீடித்தால் நாட்பட்ட நோய் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

உப்புநீர்க் கழுவல் இவ்விடத்தில்தான் உதவுகிறது. காற்றறைகள் ஒவ்வொன்றினுள்ளும் அந்நீர் பாய்ந்து சுத்தம் செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாதவர்களுக்கு அவற்றினுள் புகும் நீர் மிகச் சிறிதே. கெட்டியான சளியையும் தூசியையும் மூக்கின் வழியிலிருந்து அகற்றி, உட்சுவரை நனைத்து, நுண்மயிர்கள் தம் வேலையைத் திரும்பவும் செய்வதற்கு வழிவிடுவதே கழுவலின் பயன். துறைமுகத்தின் வாயிலில் மண்டிய மணலை அகற்றிவிட்டால் உள்ளே தேங்கிய கலங்கள் தாமே வெளியேறும் அன்றோ?

இனி, இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் 'ஹட யோக பிரதீபிகை' என்னும் வடமொழி நூலில் ஸ்வாத்மாராமர் உடலைத் தூய்மை செய்யும் ஆறு கிரியைகளைக் கூறுகிறார். தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்பன அவை. அங்கே நேதி என்பது நீரால் கழுவுவதைக் குறிக்கவில்லை. மெல்லிய நூலை மூக்கில் செலுத்தி வாய் வழியாக எடுப்பதையே குறிக்கிறது. மூக்கினால் நீரை உறிஞ்சி வாயால் உமிழும் முறை, பின்னர் தோன்றிய 'கேரண்ட சம்ஹிதை'யில் கபாலபாதியின் ஒரு வகையாகக் கூறப்படுகிறது. இன்று 'ஜல நேதி' என்று வழங்கும் முறையில், மூக்குள்ள சிறு கெண்டியொன்றினால் ஒரு துளையில் நீரை ஊற்றி மறு துளையால் வடியவிடுகிறார்கள். ஆயுர்வேதத்தில் கூறப்படும் நசியம் வேறு. அது மூக்கில் எண்ணெய் முதலிய மருந்துகளைத் துளித்துளியாக விடுவது.

இத்தகைய கிரியைகளை அறிவியல் முறைப்படி ஆராய வேண்டும் என்னும் எண்ணத்துடன் சுவாமி குவலயானந்தர் 1924-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்து லோணாவளாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவினார். 'யோக மீமாம்சா' என்னும் ஆராய்ச்சி ஏட்டையும் அவ்வாண்டே தொடங்கினார். ஐரோப்பிய மருத்துவர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மூக்கைக் கழுவும் கருவிகளைக் கையாண்டு வந்தார்கள். ஆகவே இதனை நம் நாட்டின் தனியுடைமை என்று பெருமை கொள்வதும் முறையன்று; பழங்கால மூடவழக்கம் என்று தள்ளுவதும் முறையன்று. எந்த வழக்கமாயினும் சோதித்துப் பார்த்தே கொள்ள வேண்டும்.

சோதனைகள் என்ன கூறுகின்றன? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சைனஸ் தொல்லையால் அடிக்கடி வருந்திய 76 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2002-ஆம் ஆண்டு வெளியாயிற்று. நாள்தோறும் உப்புநீரால் மூக்கைக் கழுவி வந்தவர்கள் ஆறு மாத காலத்தில், அவ்வாறு செய்யாதவர்களைவிடக் குறைந்த தொல்லையே அடைந்தார்கள். பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே வைத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நாட்பட்ட சைனஸ் அழற்சி பற்றி 2016-ஆம் ஆண்டும், ஒவ்வாமையால் வரும் மூக்கு நோய் பற்றி 2018-ஆம் ஆண்டும் தன் கருத்தை வெளியிட்டது. இரண்டின் சாரமும் ஏறக்குறைய ஒன்றே. சிறிது பயன் இருக்கக்கூடும். ஆயினும் சான்றுகள் வலிமை குறைந்தவை. முற்றிலும் குணமாக்கும் மருந்து என்று யாரேனும் முழங்கினால் நம்பவேண்டாம். செலவு குறைந்த, ஓரளவு ஆறுதல் தரும் துணைச் சிகிச்சை என்று கூறுவதே நேர்மை.

மற்றொரு நன்மையும் உண்டு. மூக்கடைப்பைப் போக்கும் சொட்டு மருந்துகளை நம்மவர் மருத்துவரைக் கேளாமலே வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்கிறார்கள். சில நாட்களுக்கு மேல் அவற்றைத் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னிலும் மிகுதியாக அடைத்துக்கொள்ளும், மருந்தே நோயாகிவிடும். உப்புநீரில் அத்தீமை இல்லை. மருத்துவர் மூக்கில் தெளிக்கும் மருந்து கொடுத்திருந்தால், அதற்குச் சற்று முன்னர் கழுவிக்கொள்வது மருந்து உட்சுவரில் நன்கு படிய உதவும்.

தலைநகர் வாசிகள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். குளிர்காலத்துப் புகைமூட்டத்தில் நடமாடித் திரும்பியதும் மூக்கைக் கழுவினால் அங்கே படிந்த தூசி நீங்கும் என்பது உண்மை. ஆனால் மிகுந்த தீமை செய்யும் நுண்துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடுகின்றன. காலையில் நேதி செய்தோம் என்னும் துணிவில் முகமூடியின்றி நச்சுக்காற்றில் ஓடிப் பயில்வது அறிவுடைமை ஆகாது.

உப்பு எதற்காக? குளத்தில் மூழ்கும்போது மூக்கினுள் நீர் ஏறி உச்சந்தலை வரை எரிந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். நம் உடலின் நீர்மங்களில் உப்புத்தன்மை உண்டு. வெறும் நீர் மூக்கின் மெல்லிய திசுவைத் தொட்டதும், உப்பு மிகுந்த இடத்தை நாடி உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை உப்பச் செய்கிறது. அதனாலேயே எரிச்சல். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தால் அது உடலின் உப்புத்தன்மைக்கு இணையாகிறது, எரிச்சல் இல்லை. அரை லிட்டர் நீருக்கு, தூள் உப்பாயின், தலைதட்டிய முக்கால் தேக்கரண்டி ஏறத்தாழ இந்த அளவு வரும். எரிச்சல் தோன்றினால், மேலும் உப்பைச் சேர்ப்பதற்கு முன் அளவைச் சரிபாருங்கள். சமையலுக்கு வாங்கும் தூள் உப்பில் கட்டியாகாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் பொருள்கள் சிலருக்கு உறுத்தலை உண்டாக்கும். அத்தகையோர் மருந்துக் கடையில் விற்கும் அளவிட்ட பொட்டலங்களை வாங்கிக்கொள்வது நலம். ஆப்பச் சோடாவை ஒரு சிட்டிகை சேர்த்தால் நீர் இன்னும் மென்மையாக இருக்கும்.

இனி, நீருக்கு வருவோம். இது குறித்த துண்டுப் பிரசுரங்களிலும் கருவிகளுடன் வரும் குறிப்புகளிலும் "வெதுவெதுப்பான சுத்தமான நீரைக் கொள்க" என்னும் வாசகத்தை அடிக்கடி காணலாம். இலக்கணப்படி அதில் பிழையேதும் இல்லை. ஆயினும் 'சுத்தமான' என்னும் சொல் நம் வீடுகளில் மூன்று பொருளைத் தரக்கூடும். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் ஒன்று. குடிப்பதற்கு ஏற்ற நீர் ஒன்று. நோயுண்டாக்கும் உயிர் எதுவும் எஞ்சாத நீர் ஒன்று. மூக்குக்கு உகந்தது மூன்றாவது மட்டுமே. குடிக்கலாம் என்றால் மூக்கிலும் விடலாம் என்று எண்ணுவதே இதில் நேரும் பெரும் பிழை.

காரணம் கூறுகிறேன். நாம் குடிக்கும் நீர் இரைப்பையை அடைகிறது. அங்குள்ள அமிலம் பல கிருமிகளை அழித்துவிடும். மூக்கில் அத்தகைய அமிலம் இல்லை. மேலும், மூக்கின் மேற்கூரையில் மணத்தை உணரும் நரம்பிழைகள், சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியே நேராக மூளைக்குச் செல்கின்றன. உடலில் மூளைக்கு இவ்வளவு அருகே வெளியுலகம் வந்து தொடும் இடங்கள் மிகக் குறைவு. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் 'நெக்ளேரியா ஃபவுலரி' என்னும் அமீபா அவ்வழியே ஏறி மூளையில் அழற்சியை உண்டாக்கவல்லது. ஆஸ்திரேலியாவில் ஃபவுலர், கார்ட்டர் என்னும் மருத்துவர்கள் 1965-ஆம் ஆண்டு இத்தகைய மரணங்களை விவரித்து எழுதினார்கள். அந்த அமீபா கலந்த நீரைக் குடித்தால் இந்நோய் வருவதில்லை. மூக்கில் ஏறினால்தான் வருகிறது. நோய் மிக மிக அரிது. வந்தால் பிழைப்போரும் மிக மிக அரியர்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு இருவர் இந்நோயால் இறந்தார்கள். இருவரும் வெவ்வேறு இல்லத்தவர். இருவருமே கெண்டியால் மூக்கைக் கழுவிவந்தவர்கள். அதற்கு வீட்டுக் குழாய்நீரைக் கொண்டவர்கள். அவர்கள் வீட்டு நீர்க்குழாய்களில் அந்த அமீபா இருந்தது பின்னர் தெரியவந்தது. கராச்சி நகரில் 17 மாதங்களுக்குள் 13 பேர் இறந்ததை 2011-ஆம் ஆண்டு மருத்துவ ஏடு ஒன்று வெளியிட்டது. அவர்களுள் நீரில் நீந்தியோ விளையாடியோ இருந்தவர் ஒருவரே. மற்றவர்களுக்கு, கைகால் முகம் கழுவித் தூய்மை செய்துகொள்ளும்போது மூக்கில் ஏற்றிய குழாய்நீரே காரணமாயிருக்கலாம் என்று அம்மருத்துவர்கள் கருதினார்கள். நம் நாட்டிலும் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியதையும், கிணறுகளுக்கும் குளங்களுக்கும் குளோரின் இடும் பணியில் அம்மாநில அரசு முனைந்ததையும் நேயர்கள் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். விரைந்து கண்டறிந்து சிகிச்சை அளித்ததால் சிலர் பிழைத்தார்கள் என்பது ஆறுதலான செய்தி.

இதனால் மூக்கைக் கழுவுவதையே கைவிட வேண்டியதில்லை. செய்ய வேண்டுவது ஒன்றே: நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவது. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு குறைந்தது 1 நிமிடம் அப்படியே கொதிக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவிடுவது இன்னும் நன்று. சிம்லா, உதகமண்டலம் போன்ற உயர்ந்த மலை நகரங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுமாதலால் 3 நிமிடத்துக்குக் குறையவே கூடாது. பிறகு மூடிவைத்து, உடற்சூட்டுக்கு ஆறவிட வேண்டும். மிஞ்சிய நீரைத் தூய மூடிய பாத்திரத்தில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். அதற்கு மேல் கொட்டிவிடுங்கள்.

இவ்விடத்தில் நம் இல்லங்களின் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. வெந்நீர் சூடாக இருந்தால் தண்ணீர் ஊற்றி விளாவுவது நமக்குக் கைவந்த வழக்கம். குளிப்பதற்கு விளாவிய நீர் மிக உகந்தது. மூக்குக்கு அது ஆகாது. கொதித்த நீரில் ஒரு குவளை பச்சைத் தண்ணீரைக் கலந்த கணமே, கொதிக்கவைத்த பயன் முழுதும் போய்விடுகிறது. ஆறிய நீர் வேறு. விளாவிய நீர் வேறு. பிரசுரங்களில் காணும் 'வெதுவெதுப்பான' என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. ஆகையால் 'கொதித்து ஆறிய நீர்' என்றே எழுதுவதும் சொல்வதும் நன்று.

அவ்வாறே, குளிர்காலத்தில் குளியலறை வெந்நீர்க் கலத்திலிருந்து, அதாவது கீசரிலிருந்து, இளஞ்சூடாக வரும் நீரைக் கெண்டியில் பிடித்துக்கொள்வோரும் உண்டு. சூடு இருப்பதால் தூய்மையும் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். கொதிநிலையை எட்டாத இளஞ்சூடு அந்த அமீபாவைக் கொல்வதில்லை; அது விரும்பி வளரும் சூழலே அதுதான். மாடியிலுள்ள தொட்டியில் வெயிலில் காய்ந்த நீருக்கும் இது பொருந்தும். ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரும், கடையில் வாங்கும் புட்டி நீரும் குடிப்பதற்காக அமைந்தவை. அவற்றையும் கொதிக்கவைத்தே கொள்ளுங்கள். வாகன மின்கலங்களுக்கு ஊற்றுவதற்காக விற்கும் வடிநீர் உடலுக்குப் பயன்படுத்தத் தக்கதன்று. கழுவலுக்குச் சேர்க்கும் உப்பே கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்புவதும் தவறு. இந்தச் சிறு அளவு உப்பை அவ்வாறு நம்பியிருக்க இயலாது. கொதிக்கவைக்க வசதியில்லாத பயணத்தில், மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய உப்புநீரைப் பயன்படுத்தலாம். அதுவும் கிடைக்கவில்லையெனில் அன்று கழுவாமல் விடுவதால் குற்றமொன்றும் இல்லை.

கழுவும் முறை எளிது. முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கழுவுதொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிடுங்கள். பேசவோ விழுங்கவோ வேண்டாம். மேற்புறமாக உள்ள துளையில் கெண்டியின் மூக்கை மெல்லப் பொருத்தி நீரைச் சாய்த்தால், அது பின்புறம் சுற்றி மறு துளையால் வடியும். ஒரு பக்கத்துக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் போதும். பிறகு மறுபக்கம். தொண்டைக்குள் வந்த நீரை உமிழ்ந்துவிடுங்கள். முடிந்ததும் சற்றுக் குனிந்திருந்து எஞ்சிய நீரை வடியவிட்டு, மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். இரு துளைகளையும் அழுத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால், மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழாயில் நீர் ஏறிக் காதுவலி உண்டாகும். படுக்கப் போகும் தறுவாயில் கழுவினால் எஞ்சிய நீர் தொண்டையில் வடிந்து இருமலை எழுப்பும். ஆகவே சற்று முன்னதாகவே முடித்துவிடுங்கள். கெண்டியை ஒவ்வொரு முறையும் கழுவி, உட்புறம் ஈரமின்றி உலர்த்தி வையுங்கள். ஒருவர் கெண்டியை மற்றொருவர் பயன்படுத்துவது கூடாது. நோயில்லாதபோதும் நாள்தோறும் செய்தாக வேண்டும் என்னும் கட்டாயமில்லை. மூக்கின் சளிப்படலம் தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லது.

சிலர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. காதில் சீழ் அல்லது வலி உள்ளவர்கள், அண்மையில் மூக்கிலோ தலையிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிபவர்கள், விழுங்குவதில் தடையுள்ள முதியோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள் ஆகியோர் அத்தகையோர். மூக்கு முற்றிலும் அடைபட்டு நீர் செல்ல வழியே இல்லாதபோது பலவந்தமாக ஊற்ற வேண்டாம். குழந்தைகளுக்குச் செய்வதாயின் குழந்தை மருத்துவர் காட்டிய முறைப்படியே செய்ய வேண்டும்.

நெற்றியில் வரும் வலியெல்லாம் சைனஸ் நோயால் வருவதென்று எண்ணிக் காலம் கடத்துவோரும் பலர். தமக்குச் சைனஸ் தலைவலி என்று உறுதியாக நம்பிய ஏறத்தாழ 3,000 பேரை ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டவர்களின் வலி ஒற்றைத் தலைவலியின் தன்மையுடையதாகவே காணப்பட்டது. ஒற்றைத் தலைவலிக்குத் தனிச் சிகிச்சை உண்டு. உப்புநீர் அதனைத் தீர்க்காது. சாதாரணச் சளி 7 முதல் 10 நாட்களில் தானே தணியும். அதற்கு மேலும் நீடித்தாலும், தணிந்தது மீண்டும் கடுமையானாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, கடுங்காய்ச்சலுடன் தாங்கொணாத தலைவலி, கழுத்து விறைப்பு, அறிவு தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மூக்கைக் கழுவியவராகவோ குளத்தில் குளித்தவராகவோ இருந்தால், அச்செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். நோயை விரைந்து கண்டறிய அது உதவும். நீரிழிவு உள்ளவர்கள் மூக்கில் கருநிறப் பொருக்கோ கன்னத்தில் மரமரப்போ கண்டால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். 2021-ஆம் ஆண்டு கோவிட் தொற்றை ஒட்டி நாடெங்கும் பரவிய கரும்பூஞ்சை நோய் இத்தகைய குறிகளுடனேயே தொடங்கியது.

ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, சிறிது உப்பு, சிறிது பொறுமை ஆகிய நான்கையும் கொண்டு இதனைப் பயன்பெறச் செய்யலாம். நான்கிலும் நமக்குப் பெரும்பாலும் குறைவது பொறுமையே. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்னும் பரபரப்பில்தான் கீசரின் குழாயைத் திறக்கத் தோன்றுகிறது. அப்போதுதான் வெந்நீரில் தண்ணீரை விளாவவும் தோன்றுகிறது. முதல் நாள் இரவே நீரைக் கொதிக்கவைத்து மூடிவைத்துவிட்டால் காலையில் இத்தொல்லை இல்லை. குளிர் மிகுந்த நாளில் அதனை வேறு நீர் கலவாமல், மூடிய பாத்திரத்தோடு சுடுநீரில் சிறிது நேரம் வைத்தால் இளஞ்சூடாகிவிடும். இல்லத்தில் யாரேனும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தால், அவர்கள் கொள்ளும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை இன்றே ஒருமுறை கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.